ரிமோட் இல்லாத பெட்டிகள்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன். வீடு பாம்பூஃப்ளாட்டில். காலையில் ஃபெர்ரி ஏறி சாத்தமில் இறங்கி வேலைக்குப் போகிறவள். இலங்கைப் படகுக்காரர்கள் யாராவது பிடிபட்டால் மொழிபெயர்க்கப் போலீஸார் என்னைக் கூப்பிடுவார்கள். என் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவர்களுடைய பேச்சு எனக்கும் வரும்.

அந்த முறை கூப்பிட்டபோதும் மீன் திருட்டு வழக்காகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இன்ஜின் கெட்டு, தெற்கே ஹட் பே தீவுப் பக்கம் ஒதுங்கிய ஒரு மீன்பிடிப் படகு. அதில் வந்தவர்கள் இரண்டே பேர்: ஐம்பது வயது மதிக்கத்தக்க படகோட்டி, அவரைவிட மிகவும் இளையவனான இன்ஜின்காரன். ஐஸ் அறையில் மீனுக்கு அடியில் சீல் வைத்த பெட்டிகள் இருந்திருக்கின்றன.

ஒரு பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். நான்கு கைகளோடு, மடித்துவைத்த குடைபோல ஒரு கறுப்புச் சாமான்.

"கல்யாண வீடியோ எடுக்கிற ட்ரோன்தான் ஐயா. கடைக்காரர் அனுப்புறார், நாங்க கொண்டுபோறம். வேற ஒண்டும் தெரியாது" என்றார் படகோட்டி. நான் இந்தியில் சொன்னேன்.

விசாரித்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிமோட் கஹான் ஹை?"

ரிமோட் எங்கே என்று நான் கேட்டதும் படகோட்டி தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாண வீட்டுச் சாமானை எதற்கு மீனுக்கடியில் ஒளிக்க வேண்டும்?

அதுவரை வாய் திறக்காத இன்ஜின்காரன் என்னைப் பார்த்து, "அக்கா பேசுறது எங்க தோட்டத்துப் பேச்சா இருக்கே. எந்தப் பக்கம்ங்க?" என்றான்.

வேறு இடமாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அங்கே முடியவில்லை. சொந்தம் கொண்டாடி என்னை வளைக்கப் பார்க்கிறானோ? அவன் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஆப் லோக் ஏக் ஹீ ஜகா கே ஹோ?" நீங்கள் எல்லாம் ஒரே ஊரா என்று கேட்டபோது அவர் குரலில் இருந்த மரியாதை குறைந்திருந்தது.

மறுநாள் படகோட்டியை வேறு அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டீ வந்த நேரம், அதிகாரி ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது இன்ஜின்காரன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அதுக்கு ரிமோட் கெடையாது. ஏத்திவிட்ட ஆளு சொன்னான். ஒரு மொகத்தக் காட்டிவிட்டா போதுமாம், தானாத் தேடிப் போயி வெடிக்குமாம். இத மட்டும் சொல்லிராதீங்க. எங்கள உசுரோட விடமாட்டாங்க."

"தம்பி, இங்க நீ பேசுறது எல்லாத்தையும் நான் சொல்லியாகணும்" என்றேன். அதிகாரி ஃபோனை வைத்ததும் சொல்லிவிட்டேன். "அப்னே ஆப் டூண்ட்கர் ஜாதா ஹை", தானாகவே தேடிப் போகிறதாம் என்று. அவர் என்னை இரண்டாவது முறை சொல்லச் சொன்னார். "தேடுவது யார்? ஆள் யார்?" என்றார். ஆள் இல்லை சார், அதுவே தேடும் என்றேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. இன்ஜின்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு மெயின்லேண்டிலிருந்து ஒருவர் வந்தார். முதலில் விசாரித்தது என்னை. இலங்கையில் யார் யார் இருக்கிறார்கள், யாருடன் பேசுவேன் என்று கேட்டு, என் ஃபோனையும் வாங்கிப் பார்த்தார். ஃபெர்ரியில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் அடிக்கடி எதிரே உட்கார்வதுபோல் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பாம்பூஃப்ளாட்காரங்க பாதிப் பேரு கட்டம்போட்ட சட்டைதான் போடுறாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் அந்த மெயின்லேண்ட் அதிகாரியிடம் துணிந்து கேட்டேன், இதை விற்றது யார் என்று. மோட்டார் ஒரு நாட்டுச் சரக்கு, பேட்டரி இன்னொரு நாட்டுச் சரக்கு, கேமரா வேறொரு நாடு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே விளையாட்டுச் சாமான், யாரும் யாரையும் கேட்க முடியாது என்றார். ஆயுதம் எங்கே போகிறது என்று கண்காணிக்க நாடுகளுக்குள் ஒப்பந்தம் இருக்கிறதே என்றேன், செய்தியில் பார்த்திருந்தேன். "ஆயுதம் என்று எழுதி அனுப்பினால்தானே மேடம்?" என்றார். யாருக்குப் போகிறது என்றதற்கு, அது உங்கள் வேலை இல்லை என்று முடித்துக்கொண்டார். தெரியாததை மறைக்கிறாரா, தெரிந்ததை மறைக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

வழக்கில் படகோட்டி மாட்டிக்கொண்டார். கூலிக்கு வந்தவன், உள்ளதைச் சொன்னவன் என்று இன்ஜின்காரனைச் சில மாதங்களில் விடுவித்து, சென்னை வழியாக ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். கப்பல் ஏறும் நாளில் அவனுக்கு விவரம் சொல்ல என்னை ஜெட்டிக்கு வரச் சொன்னார்கள். கொளுத்துகிற வெயிலில் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு நின்றான். கண் மட்டும் தெரிந்தது.

"அக்கா, நீங்க அவங்க ஆளுன்னு நெனச்சு ஒண்ண மறைச்சிட்டேன்."

"நானும் உன்ன நம்பல. சொல்லு."

"பொட்டி ஏத்துறப்ப, வேல செய்யுதான்னு சோதிச்சுப் பாத்தாங்க. வெடிமருந்து மாட்டாம. எம் மொகத்தத்தான் காட்டினாங்க. படகுல எங்க ஒளிஞ்சாலும் பின்னாடியே வந்து நின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானுந்தான் சிரிச்சேன். அப்புறம் பாதிப் பொட்டிய நடுக்கடல்ல வேற படகுக்கு மாத்தினாங்க. அந்தச் சாமான் எதுல போச்சுன்னு தெரியலக்கா. எம் மொகம் இன்னும் அதுக்குள்ள இருக்குமா?"

முதல் நாள் விசாரித்த அதிகாரிதான் கூட வந்திருந்தார்; அவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவனை அதட்டவும் இல்லை. அவன் முகத்தை அதிலிருந்து அழித்திருப்பார்களா என்று நான் கேட்டேன். "பத்தா நஹீன்" என்றார். தெரியாதாம். அவர் வாயிலிருந்து நான் முழுதாக நம்பிய சொல் அது ஒன்றுதான்.

ஏணியடியில் ஆள் அடையாளம் பார்க்கிறவர் ஒரு சின்ன கேமராவை நீட்டி, துண்டை எடுக்கச் சொன்னார். அவன் எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"எடு தம்பி. இது கப்பல் ஏறத்தான்" என்றேன். அது மட்டும்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

துண்டை அவிழ்த்தான். படம் பிடித்ததும் மறுபடி சுற்றிக்கொண்டு மேலே ஏறினான்.