அதே டேக்கிளுக்கு வேற கார்டா?

"ஏக்கா, உங்க சட்டப் புஸ்தகத்துல எங்க டீமுக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்கா?"

போன ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சு, கிரவுண்டு ஓரத்துல உக்காந்து ஷூ லேஸ் அவுத்துட்டு இருக்கேன்... மூஞ்சிக்கு நேரா வந்து விழுந்துச்சு இந்தக் கேள்வி. கேட்டது முத்துலட்சுமி. சாமளாபுரம் பொண்ணுங்க டீம் கேப்டன். கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவளுக்கு ரெட் கார்டு காட்டி வெளிய அனுப்பியிருந்தாங்க. யாரு? சாட்சாத் நானேதான்.

வாரா வாரம் படிக்கறவங்களுக்குத் தெரியும். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் பனியன் கம்பெனில குவாலிட்டி செக்கிங், ஞாயித்துக்கிழமை ரக்பி ரெஃபரி. "ரக்பியா? திருப்பூர்லயா?"ன்னு இன்னமும் கேக்கறீங்க. ஆமாங்க, திருப்பூர்லதான். டீமுக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிஷம், முட்டிக்கால் தோல் கேரண்டியா உரியும். பழகிக்கோங்க.

சரி, மேட்டருக்கு வரேன். செமிஃபைனல். சாமளாபுரமும் அனுப்பர்பாளையமும். ரக்பில பந்து வெச்சிருக்கறவங்களப் புடிச்சு கீழ சாய்க்கலாம். அதான் டேக்கிள். ஆனா தோளுக்கு மேல கை போகக் கூடாது. போனா டேஞ்சர். எவ்வளவு டேஞ்சர்ங்கறதுலதான் மொத்த வில்லங்கமும்! வெறும் பெனால்டியா, ரெண்டு நிமிஷம் வெளிய உக்கார வெக்கற எல்லோ கார்டா, ஒரேயடியா அனுப்பற ரெட்டா? என்ன வேகம், தலைல பட்டுச்சா, பந்து வெச்சிருந்த ஆளு கடைசி நேரத்துல குனிஞ்சாங்களா... குனிஞ்சிருந்தா டேக்கிள் பண்ணவங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. இத்தனையும் பாத்து முடிவு பண்ண எனக்குக் கிடைக்கறது ரெண்டு செகண்டு.

மொதப் பாதில அனுப்பர்பாளையம் அஞ்சாம் நம்பர், சாமளாபுரம் கவிதாவைக் கழுத்தோட வளைச்சு இழுத்துச்சு. கவிதா குனிஞ்ச மாதிரி இருந்துச்சு. "பாத்து... கீழ புடி!"ன்னு கத்திட்டு ஆட்டத்தைத் தொடர விட்டுட்டேன். ரெண்டாம் பாதில முத்துலட்சுமி அதையே பண்ணா. நான் பாக்கெட்ல கைய விட்டு ரெட்டை எடுத்தேன்.

எங்க டோர்னமென்ட் ரூல்படி ரெட் வாங்கினா அடுத்த மேட்சும் ஆட முடியாது. ஆறு பேரை வெச்சே சாமளாபுரம் எப்படியோ ஜெயிச்சுருச்சு. அப்ப அடுத்த மேட்ச்? ஃபைனல். மாவட்ட ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கறவங்க ஃபைனலை மட்டும்தான் பாக்க வராங்க. முத்துலட்சுமிக்கு ஜூனியர்ல இதுதான் கடைசி வருஷம்.

இப்ப அவ கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன்? சீன் போட்டேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அந்த டேக்கிள் வேற, உன்னுது வேற. வேகம் வேற, ஆங்கிள் வேற"ன்னு பெரிய வக்கீல் கணக்கா ஒரு லெக்சர்.

அவங்க அப்பா அம்மா கோவில்பட்டிப் பக்கம் இருந்து வந்து சாமளாபுரத்துல தறி ஓட்டறவங்க. அவ கோவத்துல பேசுனா அந்த ஊருத் தமிழ்தான் வரும்.

"நான் பண்ணது சரின்னு சொல்லலக்கா. தப்புதான். ஆனா எங்க கவிதா கழுத்தைப் புடிச்சப்ப நீங்க 'பாத்து'ன்னுதான சொன்னீய? சரி, இந்த அக்காவுக்கு இது ஓகே போலன்னு நாங்க நெனச்சுக்கிட்டோம். நீங்கதான சொல்லிக் குடுத்தீய?"

"ரெண்டும் ஒண்ணு இல்லம்மா..."

"மேட்ச் வீடியோ அனுப்புதேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

அனுப்பிட்டா. திங்கக்கிழமை கேன்டீன்ல தயிர்சாதத்தைப் பக்கத்துல வெச்சுட்டுப் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாத்தேன். சாதம் காஞ்சு போச்சு.

அந்த மேட்ச்ல மொத்தம் நாலு ஹை டேக்கிள். மொத ரெண்டு எனக்கு ஞாபகம்கூட இல்ல! ஒண்ணாவது, தோள் நுனிக்குக் கொஞ்சம் மேல. விட்டுட்டேன். ரெண்டாவது, காலர். முன்ன விட்டதை விடக் கொஞ்சம்தான மேல? விட்டுட்டேன். மூணாவது கவிதா கழுத்து. அதுவும் காலரை விடக் கொஞ்சம்தான மேல... நாலாவது முத்துலட்சுமி. உயரம், வேகம் எல்லாம் மூணாவதோட அச்சு அசல். பந்து வெச்சிருந்த பொண்ணு குனிஞ்சதும் அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை அந்தப் பொண்ணு விழுந்த சத்தம் 'டொம்'னு கேட்டுச்சு. அந்தச் சத்தத்துல பயந்துட்டேன். பயத்துல ரெட்.

இந்தக் கேவலத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை பண்ணியிருக்கேன். கம்பெனில சேந்த மொத மாசம். சாயம் போடற டையிங் யூனிட்ல இருந்து துணி லாட் லாட்டா வரும். ஒவ்வொரு லாட்டையும் ஆர்டர் குடுத்த பையர் ஓகே பண்ணின சேம்பிள் துணியோட வெச்சு கலர் ஷேடு பாக்கணும். நான் அந்த சேம்பிளைத் தேடச் சோம்பேறித்தனப்பட்டு, முந்தின லாட்டோட வெச்சுப் பாத்தேன். ரெண்டாவது லாட் மொதலாவது மாதிரியே இருக்குதா? பாஸ். மூணாவது ரெண்டாவது மாதிரி இருக்குதா? பாஸ். எல்லாமே பாஸ்! கடைசில மொத லாட்ல பாடி, கடைசி லாட்ல கைன்னு தெச்ச டி-ஷர்ட், பாடி ஒரு கலர் கை ஒரு கலர்னு வந்து நின்னுச்சு. ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் செந்தில் அண்ணா தூக்கிப் பாத்துட்டு, "ஏனுங்க மேடம், இது ஒரு டி-ஷர்ட்டுங்களா, ரெண்டுங்களா?"ன்னு கேட்டாரு. ஃபுளோரே சிரிச்சுது.

கிரவுண்டுலயும் அதே வேலைதான். டேக்கிளை சட்டத்தோட வெச்சுப் பாக்காம, முந்தின டேக்கிளோட வெச்சுப் பாத்திருக்கேன்.

டோர்னமென்ட் கமிட்டி செக்ரட்டரி தங்கவேல் சாருக்கு போன் போட்டேன். "சார், ரெட் என் தப்புங்க. ஆளு குனிஞ்சதால அது எல்லோதான். மொதப் பாதில அஞ்சாம் நம்பருக்கும் எல்லோ குடுத்திருக்கணும். ரெண்டையும் ரிப்போர்ட்டா எழுதித் தரேன்."

"அட ஏங்கண்ணு... ரெஃபரி சொன்னா சொன்னதுதானுங்க. நீயே தப்புன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஒவ்வொரு டீமும் போனைத் தூக்கிட்டு வந்து நிக்கும்ல?"

"மேட்ச் ரிசல்ட்டை மாத்தச் சொல்லலீங்க சார். அந்தப் பொண்ணோட தடையைத்தான் எடுக்கச் சொல்றேன்."

"ஃபைனலுக்கு உனக்குத்தான் விசில்னு பேசி வெச்சிருக்கறோம். தெரியுமில்ல?"

தெரியும். நல்லாவே தெரியும். என் மொத ஃபைனல்.

எழுதினேன். ஒரு பக்கம். 'வெளிச்சம் சரியில்ல', 'மறைச்சுருச்சு'ன்னு ஒரு சாக்கும் வெக்கல. நான் பாத்தேன், தப்பாப் பாத்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை தங்கவேல் சார் கூப்பிட்டாரு. "அந்தப் பொண்ணு ஆடட்டுங்க. அப்பறம் கண்ணு... ஃபைனலுக்கு ஈரோட்டுல இருந்து ரெஃபரி வராருங்க. நீ லைன்ல கொடி புடிச்சுக்கோ."

வயிறு எரிஞ்சுதா? எரிஞ்சுது. திரும்ப எழுதச் சொன்னா மாத்தி எழுதுவேனா? சான்ஸே இல்ல.

ஒண்ணு புரிஞ்சுது மக்களே. கண்டிப்பான ரெஃபரியை ஆளுங்க சகிச்சுக்குவாங்க. கொஞ்சம் லூஸ் விடற ரெஃபரியைக்கூட சகிச்சுக்குவாங்க. காலைல பாஸ், சாயங்காலம் ரிஜெக்ட்னு ஆளைக் குழப்பறவங்களைத்தான் தாங்கவே முடியாது. அது ரெஃபரியா இருந்தாலும் சரி, சூப்பர்வைசரா இருந்தாலும் சரி... ஊட்டுக்குத் திரும்பி வர அக்காவுக்கு ஒரு டைமிங், அண்ணனுக்கு ஒரு டைமிங்னு வெக்கறவங்களா இருந்தாலும் சரி.

தடை போன விஷயத்தை முத்துலட்சுமிக்கு மெசேஜ் பண்ணேன். கண்ணீர் வழிய ஒரு தேங்க்ஸ் வரும்னு எதிர்பாத்தேன், பொய் சொல்லுவானேன். வாய்ஸ் நோட் வந்துச்சு.

"நான் ஆடுதேன்க்கா, சந்தோசம். ஆனா கவிதா ஆடல. கழுத்து இன்னும் திரும்ப மாட்டேங்கு, பட்டை போட்டு விட்டிருக்காவ. என் கார்டை மாத்திட்டீய... அவளுக்கு என்னத்தக்கா மாத்துவீய?"

சாரின்னு மட்டும் அனுப்பிட்டு, கவிதா ஊட்டு அட்ரஸ் கேட்டேன்.

இனிமே என் கைக்கு விசில் வந்தா, தோளைத் தாண்டற மொத கைக்கே ஊதுவேன்.