எல்லை தாண்டாத பாட்டில்

காலை ஆறரை மணிக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டி ஏறினேன். நூற்றைந்து கிலோமீட்டர். மற்ற நாளில் மூன்று மணி நேரம். சித்திரைப் பௌர்ணமிக் கூட்டம் என்றால் கடவுள் விட்ட வழி. எனக்கு மலை சுற்றும் எண்ணமெல்லாம் இல்லை. பையில் ஒரு மாற்றுச் சட்டை, கொஞ்சம் ஆப்பிள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பீர் பாட்டில். அதன் விலை நூற்று முப்பது ரூபாய்.

பாட்டில் செல்வத்துக்கு. அவன் இறந்து ஓராண்டு ஆகிறது. திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலைக்காரன், புதுச்சேரியில் என் டைல்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கி வீடு வீடாகத் தரை போட்டவன். வருஷப் படையலில் அவனுக்குப் பிடித்ததில் ஒன்று குறைந்தாலும் அவன் வாசலிலேயே நின்றுவிடுவான் என்பது அவன் அம்மாவின் பயம். "கறிக்கொழம்பு நான் வெச்சிட்றேன். அந்த பீரு மட்டும் நீ வாங்கினு வாப்பா" என்று போனில் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊரில் பீர் விலை குறைவு என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. அதே பாட்டில் திருவண்ணாமலையில் நூற்றெண்பது, அதுவும் அந்த ரகம் கடைக்கு வந்திருந்தால். நடுவில் கடலா மலையா? ஒரு கோடு. இந்தப் பக்கம் ஓர் அரசின் வரி, அந்தப் பக்கம் இன்னோர் அரசின் வரி. இங்கே வாங்கி அங்கே கொண்டுபோகவும் கூடாது. அதனால் செல்வம் சனிக்கிழமைதோறும் பைக்கில் ஊருக்குக் கிளம்புமுன் இரண்டு பாட்டிலை இங்கேயே முடித்துவிடுவான். "பாட்டிலத்தான புடிப்பாங்க அண்ணா, வயித்தயா புடிப்பாங்க?" என்பான். அப்படிக் கிளம்பிய ஒரு சனிக்கிழமைதான், ஊருக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, கீழ்பென்னாத்தூர் ஏரி வளைவில் நின்றிருந்த நெல் லாரியில் மோதினான்.

ஏழு மணிக்கு எல்லைச் சோதனைச் சாவடி. வண்டியில் ஏறிய காவலர் என் பையைத்தான் முதலில் தொட்டார். எனக்கு ராசி அப்படி.

"படையலுக்குங்க. ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா இருந்தாலும் அங்க வரி கட்டின சரக்கு இங்க செல்லாது சார். போற ஊர்ல வாங்கி வெச்சிக்கங்க." குரலில் கோபம் இல்லை. கீழே இறங்கிச் சாலையோரத்தில் ஊற்றிவிட்டு, காலி பாட்டிலைச் சாக்கில் போட்டார். கேஸ் எழுதாமல் விட்டதே பெரிது என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

திண்டிவனம், செஞ்சி எல்லாம் பார்க்காமலே கடந்தேன். கீழ்பென்னாத்தூர் வந்தபோது மட்டும் தலையைத் திருப்பினேன். ஏரியில் தண்ணீர் இல்லை.

பத்தேகால் மணிக்குத் திருவண்ணாமலை. ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். திருவிழாவுக்காக அரசு மதுக்கடைகள் மூடியிருந்தன. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ரஹீம் பாய் என்பவரின் ஆட்டோவில் ஏறி, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"கடை லீவுங்க. கெடைக்கும், ஆனா வெல ஜாஸ்தி. நானூறு கேப்பாங்க" என்றார். பிறகு அவராகவே, "நான் தொடறதில்ல சார். ஏர்றவங்க கேட்டுக் கேட்டு எடம் மனப்பாடமாயிட்ச்சி" என்றார்.

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டியபோதே வெறுங்காலோடு நடக்கிற கூட்டம் தொடங்கிவிட்டது. அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் ஒரு சந்து. ஒருவர் வைக்கோலுக்குள் கைவிட்டு பாட்டிலை எடுத்துத் தந்தார். நான் வாங்கி வந்த அதே ரகம். லேபிளில் 'புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு' என்று அச்சடித்திருந்தது.

"இது எப்படிங்க இங்க வந்தது?"

"எல்லாம் வரும் சார். பணத்த எடுங்க."

என் ஒற்றைப் பாட்டில் தாண்ட முடியாத எல்லையைப் பெட்டி பெட்டியாகத் தாண்டி வந்திருக்கிறது. வயிறு எரிய நானூறைக் கொடுத்தேன்.

படையல் நல்லபடியாக நடந்தது. படத்துக்கு முன்னால் இலை, கறிக்குழம்பு, வடை, ஓரத்தில் பாட்டில். அம்மா வாய்விட்டு அழுதார். செல்வத்தின் மனைவி அமுதா கற்பூரம் அணையும்வரை அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். படைத்ததை வீட்டு ஆண்கள் எடுத்துக் குடிப்பது வழக்கம். செல்வத்தின் தம்பி குமார் கையை நீட்டி எடுத்தான். சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் திரும்ப வேண்டியவன்.

"குமாரு, நீ எதுல வந்த?" என்றார் அமுதா.

"பைக்லதான் அண்ணி."

அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கினார். தோட்டத்துக் குழாயடிக்குப் போய், கல்லில் தட்டி மூடியைத் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்தார். நுரை சாக்கடையில் ஓடியது.

"செத்தவனுக்கு வெச்சத கொட்றியே, பாவி!" என்று அம்மா கத்தினார்.

"அவரு குடிச்சிட்டாரு அத்த. போன வருஷமே குடிச்சிட்டாரு."

நான் கிளம்பும்போது அமுதா, "அவரு சனிக்கிழம குடிச்சிட்டு வந்த அந்தக் கடைக்காரங்க இன்னும் இருக்காங்களாண்ணா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் என் பேருந்து எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் நுழைந்தது. அன்று சனிக்கிழமை. எல்லையை ஒட்டிய முதல் மதுக்கடையின் முன்னால் வரிசையாக பைக்குகள், எல்லாம் தமிழ்நாட்டுப் பதிவெண். டிபன் பையைத் தோளில் மாட்டிய கொத்தனார்களும் சித்தாள்களும் நின்றபடியே அவசர அவசரமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோகத்தான் கூடாதே. குடித்து முடித்த ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு வண்டியை உதைத்து, நாங்கள் வந்த சாலையில் கிளம்பினார்.

எங்கள் ஊரில் பீர் விலை குறைவு என்று இனி யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.