அண்ணனின் ஜன்னலோரத்து வாகை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார் அண்ணி. எழுதுகிறேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அண்ணன் பிறந்தது நெம்மேலியில். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. சவுக்குத் தோப்பில் கூலிக்குப் போய்க்கொண்டே படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தரானார். என் கல்யாணத்தை நடத்தியவரும் அவரே. நான் தாலியறுத்துத் திரும்பி வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் அரசுக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. சுற்றிலும் சரளை மண், ஒரே ஒரு கிழட்டு வாகை. அதன் கீழே அண்ணன் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்தார். சுவரோரம் மருதாணி வேலி போட்டார். துணி அலசிய தண்ணீரெல்லாம் அவற்றுக்குத்தான்.

"மரம் மட்டும் இருந்தா காக்கா வரும், அவ்ளோதான். கீழ செடி, பக்கத்துல வேலின்னு இருந்தாத்தான் மத்ததும் வரும்" என்பார்.

வரத்தான் செய்தன. வேலியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. செம்பருத்தியில் தையல்சிட்டு, சருகைக் கிளறத் தவிட்டுக்குருவிக் கூட்டம், வாகைப் பொந்தில் ஒரு ஜோடி ஆந்தை. பக்கவாதம் வந்து படுத்த பிறகு, ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு குரலுக்கும் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா நீ? சாக்குருவி தெனம் கத்திகினு கீது. வூட்ல சீக்காளிய வச்சிகினு சும்மா குந்திகினு கீறியே!"

அவர் சொன்னது பொந்திலிருந்த ஆந்தையை; அது கத்தினால் வீட்டில் சாவு விழும் என்பார்கள். மரத்தை வெட்டிவிடலாம் என்றேன்; அண்ணி வேண்டாம் என்றார். "அண்ணன் உசுரு பெருசா, மரம் பெருசா?" என்று கத்தினேன். அலையாய் அலைந்து அனுமதி வாங்கினேன். அண்ணி அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாளில், ஆள் வைத்து மரத்தைச் சாய்த்தேன். விழுந்த மரம் செடிகளையும் வேலியையும் நசுக்கிவிட்டது.

திரும்பி வந்த அண்ணன், கட்டில்மேல் அடித்த வெயிலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"கெளய கழிச்சாங்கண்ணா. ரெண்டு நாள்ல வந்துடும்."

வாய் கூசாமல் சொன்னேன், பாவி. மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து கேட்கவில்லை; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறாம் நாள் காலையில் போய்விட்டார்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், பாடையைத் தோளில் சுமந்த அலுவலக நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அதே பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மரம் வெட்ட வந்த பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பொந்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்து, "குஞ்சு கீதும்மா. ஒரு வாரம் உடேன், பறந்துடும்" என்று கெஞ்சினார். முடியாது என்றேன். அந்த ஒரு வாரத்தை நான் விட்டிருந்தால், அண்ணன் அத்தனை குரலையும் கேட்டுக்கொண்டே கண்ணை மூடியிருப்பார்.