செவ்வாய்க்கிழமைக் காய்ச்சல்

கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டுப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: கட்டம் கட்டி அச்சடித்துக் கொடுத்தால் படித்தவர்கள் எதையும் நம்புவார்கள். எண்பதுகளில் மலேசியாவின் சுங்கைப்பட்டாணி ரப்பர் தோட்ட அலுவலகங்களில் என்னோடு மாரடித்தவர்களே, இது உங்களுக்காக.

கண்டுபிடிப்பு

புதிதாக வாங்கிய புள்ளிவிவர மென்பொருளில், தோட்டத்து நோயாளிகளை டிவிஷன் வாரியாக, அதாவது தோட்டத்தின் பிரிவு வாரியாக, கிழமை வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னார் மேனேஜர். மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் எந்த டிவிஷனுக்கு எத்தனை நாள் போவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். ஆற்றோர டிவிஷனில் செவ்வாய்க்கிழமை மட்டும் நோய். மற்ற நாளெல்லாம் சைபர். டிரெஸ்ஸர் அங்கே போவதே செவ்வாய்க்கிழமைதான். அவர் வராத நாளில் வருகிற காய்ச்சலை யார் எழுதுவது? மேனேஜர் அதையெல்லாம் கேட்கவில்லை. தாளை விரித்து, பேனாவால் செவ்வாயைத் தட்டினார்.

"திங்கக்கெழம கள்ளு குடிக்கிறானுங்க, ஜோசப். அதான் மறுநாள் படுத்துக்கிறானுங்க லா."

வயது வாரியாக

நான் விடவில்லை. வயதையும் சேர்த்து இன்னொரு அட்டவணை போட்டேன். செவ்வாய்க்கிழமை நோயாளிகளில் பாதிக்கு மேல் கைக்குழந்தைகள். டிரெஸ்ஸர் வருகிற நாள் அது என்றும் வாய்விட்டுச் சொன்னேன். பெரிய கிராணி, அதாவது எங்கள் தலைமை எழுத்தர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"கள்ளு தாய்ப்பால்ல எறங்கியிருக்கும் தம்பி. மேனேஜர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

லெட்சுமி அக்கா

அந்த டிவிஷனில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் லெட்சுமி அக்கா, வலிப்பு வருகிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். டிரெஸ்ஸர் இன்னொரு நாளும் வரவேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. மேனேஜர் தாளைக் காட்டி, மற்ற நாளில் அங்கே யாருக்கும் நோயில்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தாளைப் பார்க்கவேயில்லை.

"போன வெள்ளிக்கெழம இவளுக்கு இழுத்துச்சுங்கய்யா. செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்துக்கம்மான்னு சொல்லவா?"

முன்னேற்றம்

கள்ளு குடித்தவனுக்கு மருந்து ஒரு கேடா என்று, இருந்த செவ்வாய்க்கிழமையையும் நிறுத்தினார் மேனேஜர். அடுத்த அட்டவணையில் ஆற்றோர டிவிஷனுக்கு வாரம் முழுக்க சைபர். லெட்சுமி அக்காவின் மகள் அப்போது டவுன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். லோரியில் போட்டுக் கொண்டுபோயிருந்தார்கள். அதை மேனேஜரிடம் சொன்னேன். அவர் சைபர்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது ஆஸ்பத்திரி கணக்கு, ஜோசப். நம்ம டிவிஷன்ல இப்ப நோயே இல்ல, பாரு."

அந்தப் பிள்ளை எப்படியோ பிழைத்தாள், மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது, நான் மட்டும் எந்த அட்டவணையில் சைபரைப் பார்த்தாலும் அங்கே எண்ணப் போனது யார் என்று கேட்டு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.