கண்காட்சிக்குப் போன எங்கள் கதவு

கொழும்பில் எங்கள் வீட்டுக் கதவை விளக்குப் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கரப்பத்தனைப் பக்கம் அப்பா அம்மா வேலை செய்த தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் ஒரேயொரு காம்பரா, ஒற்றை அறை, எங்களுக்கு. எனக்கு எட்டு வயது இருக்கும்போது கொழும்பிலிருந்து ஓர் அக்கா வந்தார், ஓவியராம். என்னை வரையப் போகிறார் என்று நினைத்து எண்ணெய் வைத்துத் தலை சீவி, பவுடர் அப்பிக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினால்தானே! எங்கள் கதவையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து நீலப் பெயின்ட், வெள்ளையில் எழுதிய லயத்து எண், தேர்தலுக்குத் தேர்தல் ஒட்டிக் கிழித்த காகிதங்கள், கீழே நான் கரியால் கிறுக்கிய வாய்ப்பாடு.

"இதுதான் நம்ம சனத்தோட வரலாறு" என்றார். அவருடைய தாத்தாவும் தோட்டத்து ஆள்தானாம். அப்படியானால் அந்தத் தாத்தா வீட்டுக் கதவைத் தேடிப் போயிருக்கலாமே!

பழையதைக் கொடுத்தால் புதுக் கதவு போட்டுத் தருவதாகச் சொன்னார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பழைய கதவின் அடியில் நாயே நுழைந்து வரும். தோட்டத்து மேனேஜர் துரையை நினைத்து அப்பாதான் தலையைச் சொறிந்தார்.

"தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டா..."

"ஆமா, கூர ஒழுகுதுன்னு எத்தன வார்த்த கேட்டீங்க? ஓட்ட அடஞ்சிருச்சா?"

அம்மா அப்படிக் கேட்டதோடு பேச்சு முடிந்தது. புதுக் கதவை மாட்டிய கையோடு பழைய கதவு வேனில் ஏறியது. நான் வேறு அதற்குக் கையாட்டினேன்.

மூன்றாம் நாள் தோட்டத்து ஆபிசிலிருந்து கடிதம் வந்தது. லயம் தோட்டத்துச் சொத்து, கதவும் தோட்டத்துச் சொத்து, அனுமதியில்லாமல் அகற்றியது குற்றம். காவல்காரர்கள் இரண்டு பேர் வந்து, புதுக் கதவையும் கழற்றி ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழையதைக் கொண்டுவந்து காட்டினால்தான் புதியதைத் தருவார்களாம்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அம்மா வாசலில் உரச்சாக்கைத் தொங்கவிட்டார். தை மாதத்துப் பனி சாக்குக்கு அடங்குமா? இரண்டு வயதுத் தம்பிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஓவியர் அக்காவோ போனையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொழும்புக்குக் கிளம்பினார். கதவைக் கட்டிக் கொண்டுவரக் கயிறு எடுத்துக்கொண்டார். நான் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். ஹட்டனில் ரயில் ஏறி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம்.

பெரிய வெள்ளை மண்டபம். நடுவில் எங்கள் கதவு தனியாக நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் அதைக் காட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார், கலை விமர்சகராம். சுற்றி நின்ற முப்பது பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். எங்களைக் கண்டதும் அக்கா ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"மிஸ், கதவ எடுத்துக்கிட்டுப் போக வந்தேங்க."

"ஐயோ, மாசக் கடைசிவரைக்கும் தர ஏலாதுண்ணே! இதுதான் கண்காட்சிக்கே உயிர். முன்னுக்கு வாங்க, ஐயா உங்கள ஒண்ணு கேக்கணுமாம்."

மாசக் கடைசியாம்! தம்பியின் நெஞ்சு அதுவரை பொறுத்திருக்குமா என்று அந்த மண்டபத்தில் கேட்க ஆளில்லை. அப்பாவைக் கதவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். விமர்சகர் ஏதோ கேட்டார்.

அக்கா தமிழில் சொன்னார். "இந்தக் கதவப் பாக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்கிறாரு."

அப்பா கதவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். துரையின் முன்னால் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"குளிருதுங்க" என்றார். "வீட்டுல கதவு இல்லீங்க. சின்னப் புள்ளைக்கு முடியலைங்க."

அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார். விமர்சகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

எங்கள் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில்தான் அப்படிக் கைதட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. நானும் தட்டினேன். அப்பா திரும்பினார். தட்டிய அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று புரியவில்லை. சத்தம் போதவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் பலமாகத் தட்டினேன்.