மஸ்கெலியாவில் ஒரு சிங்களப் பாடம்

காலை ஆறரை மணிக்கு ஹட்டனிலிருந்து புறப்பட்டோம். மஸ்கெலியா ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டாம்மொழியாகச் சிங்களம் கற்பிக்கப் பயிற்சியளிக்கும் என் யாழ்ப்பாணத்து நண்பர் சிவபாலன், இறுதி மதிப்பீட்டுக்குச் செல்லும்போது என்னையும் அழைத்திருந்தார். வேன் ஓட்டியவர் சுனில். சிங்களவர், சிவப்புத் தொப்பி அணிந்திருந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். வழியில் தேநீர் அருந்தியபோதும் அவரோடு தமிழிலேயே பேசினேன்.

ஏழேமுக்காலுக்குத் தேயிலைத் தோட்டப் பள்ளியை அடைந்தோம். பிள்ளைகள் வேனைச் சூழ்ந்துகொண்டு, ஹோர்ன் அடிக்கும்படி சுனிலிடம் தடையற்ற சிங்களத்தில் கெஞ்சினர்.

அன்று மதிப்பிடப்படவிருந்தவர் யோகேஸ்வரி. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டிலே பிறந்து அதே தோட்டத்துப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தவர். தேறினால் இங்கேயே சிங்கள ஆசிரியை. தவறினால் தொலைவிலுள்ள உடப்புசல்லாவைக்கு மாற்றம். அவருடைய இரண்டு வயதுக் குழந்தை, பாதைக்கு அப்பால், தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் இருந்தது.

எட்டரைக்குப் பாடம் தொடங்கியது. ஆசிரியையும் மாணவரும் இருபது நிமிடம் சிங்களம் மட்டுமே பேசவேண்டும் என்பது விதி. பேருந்துப் பயணம் பற்றி யோகேஸ்வரி பிழையின்றிக் கேட்டார். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

“டீச்சர், ஒங்களுக்குத் தமிழ் மறந்துபோச்சா?” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

மற்றவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகத் தமிழிலேயே விடை சொன்னார்கள். சிவபாலன் பேனாவை மூடினார்.

“பிள்ளை, இது சரிவராது. ஒருத்தருக்கும் சிங்களம் தெரியாதே?”

“தெரியுங்க சார். நம்ம ஆளுகிட்ட யாராச்சும் சிங்களம் பேசுவாங்களா? நான் பேசுனா வெளையாட்டுன்னு நெனைக்குதுங்க. அந்த வேன்காரரைக் கூப்பிட்டு உக்கார வைக்கவா?”

“வெளியாளை வைச்சுப் படிப்பிச்சா நான் எப்பிடிப் புள்ளி போடுறது? இடைவேளைக்குப் பிறகு இன்னொருக்காச் செய்யும். அதுதான் கடைசி.”

இடைவேளையில் யோகேஸ்வரி வேனருகே சென்றார். திரும்பியபோது அவர் கையில் சிவப்புத் தொப்பி இருந்தது.

பாடம் மீண்டும் தொடங்கியதும் அதை ஒரு சிறுவனின் தலையில் வைத்தார், காதுவரை இறங்கியது. நாற்காலியில் ஓட்டுநராக அவனை அமர்த்திவிட்டு, பயணிகளாகும்படி மற்றவர்களுக்குச் சைகை காட்டினார். பிறகு, தமிழ் மறந்துபோயிற்றா என்று கேட்ட அதே சிறுமி எழுந்து, “மாத்தையா, ஹட்டனுக்கு எவ்வளவு?” என்று சிங்களத்தில் கேட்டாள். தொப்பிக்காரன் இரக்கமற்ற தொகையொன்றைச் சொன்னான். வகுப்பு முழுவதும் பேரம் பேசத் தொடங்கிற்று. தொப்பி தலைக்குத் தலை மாறியது, தொப்பி அணிந்தவரிடம் எவரும் தமிழ் பேசவில்லை. இறுதியில் யோகேஸ்வரி தாமே அதை அணிந்தபோதும் சிங்களத்திலேயே பேசினார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

இருபது நிமிடம் கடந்ததைச் சிவபாலனும் கவனிக்கவில்லை. மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திட்டபின், “இங்கயே இரும், பிள்ளை” என்றார். யோகேஸ்வரி நன்றி சொல்லவும் நிற்காமல் காப்பகத்தை நோக்கி நடந்தார்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பினோம். ஹட்டனில் தூறல். சுனில் வெறுந்தலையோடு இறங்கி என் பையை எடுத்துத் தந்தார்.

“தொப்பி எங்கே?”

“டீச்சர் கேட்டாங்க, குடுத்துட்டேன்.”

யாழ்ப்பாணத்தில் நான் சிங்களத்தை நூலிலிருந்து கற்றேன், தேர்விலும் தேறினேன். அங்கே சிங்களத்தில் பேசுவதற்கு எதிரே எவரும் இருந்ததில்லை. அன்று காலை முதல் ஒருவர் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால், டீச்சரிடம் தமிழ் பேசிய அப்பிள்ளைகளைப் போலவே நானும் தமிழிலேயே பேசியிருந்தேன். சொற்களை மனத்தில் அடுக்கிக்கொண்டு, சிங்களத்தில் அவருக்கு நன்றி சொன்னேன்.

சுனில் வாய்விட்டுச் சிரித்தார்.

“பரவாயில்லீங்க ஐயா, பாத்துப் போங்க” என்றார் தமிழிலேயே.