துணியில்லாமல் வைத்த ஜாடி

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள். என்னை மோசடிக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். பழைய பங்களாக்களில் இருந்து கைமாறி வரும் பொஹிமியா நாட்டுக் கண்ணாடிப் பூ ஜாடிகளைச் சேர்ப்பது ஒன்றுதான் எனக்கிருக்கும் பைத்தியம். எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு ஜாடி அசலா போலியா என்று கேள்வி வந்தால் என் வார்த்தைதான் முடிவு. அதாவது, முன்பு.

அந்தப் பச்சை ஜாடியை எனக்கு விற்றது புஷ்பம் அக்கா. காலமான அவருடைய அப்பா தோட்டத் துரையின் பெரிய பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். ஜாடியை வெயிலில் திருப்பினால் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல நிறம் மாறும். ஊதி முடித்தபின் அடியில் ஒட்டிப் பிடித்த கம்பியை ஒடித்த தழும்பைத் தேய்த்து மெருகிட்டிருந்தார்கள். அசல் சரக்கு. ஆனால் அடி விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வைத்து எடுத்துப் புழங்கிய பழைய ஜாடி அப்படி இருக்காதே என்று அக்காவிடமே கேட்டேன்.

"எப்பவும் இந்தப் பின்னல் துணி மேலதாங்க இருக்கும். தொரசாணிக்கு டக்குன்னு வைக்கிற சத்தம் ஆகாதாம். வெடியக்காலம் பெரட்டுக்கு முந்தி அப்பாதான் தண்ணி மாத்துவாரு. நீங்களும் துணி இல்லாம வச்சிடாதீங்க கிளாக்கரய்யா."

துணி பூஞ்சணம் பிடித்திருந்தது, எறிந்துவிட்டேன். ஜாடியை அடியோடு படமெடுத்துக் குழுவில் போட்டேன். பிறகு சுவர் அலுமாரியின் சிமெந்துத் தட்டில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாளே தொடங்கியது. விடியும் நேரம், ஆட்கள் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்குச் சற்று முன், அலுமாரிக்குள் டக் என்று சத்தம். சிமெந்தில் கண்ணாடியை வைக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? எலி என்றாள் மனைவி. தினமும் அதே நேரத்துக்கு வர எலி என்ன கைக்கடிகாரமா கட்டியிருக்கிறது?

சில மாதம் கழித்துக் குழுவில் ஒருவர் மறுபடி படம் கேட்டார். ஜாடியை எடுத்துக் கவிழ்த்தால், நம்பினால் நம்புங்கள், அடி விளிம்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல், ஒரு ஆயுள் காலம் புழங்கியது மாதிரி. மறைக்க என்ன இருக்கிறது என்று அதையும் படமெடுத்துப் போட்டேன்.

"சேன்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு வயசு ஏத்தியிருக்கீங்களே, வெக்கமா இல்லையா?" என்று இரத்தினபுரி மாணிக்க வியாபாரி ஒருவர் குரல் பதிவே அனுப்பினார். தேய்த்தால் கீறல் ஒரே பக்கமாகத்தானே ஓடும்? இத்தனை வருடம் நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. என்னிடம் விளக்கம்கூடக் கேட்காமல் குழுவை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

அக்கா சொன்னது நினைவு வந்து, மனைவியைப் பின்னல் துணி ஒன்று பின்னச் சொல்லி ஜாடிக்கு அடியில் விரித்தேன். சத்தம் அன்றோடு நின்றது.

இதைக் கேட்டவர்கள் அலுமாரிக்குள் கேமரா வைத்துப் பார் என்கிறார்கள். உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே வைத்துப் பாருங்கள், ஜாடியைச் சும்மாவே தருகிறேன் என்றேன். அத்தனை வாய் பேசியவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

அந்த ஜாடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றியதில்லை. ஆனாலும் காலையில் பூட்டைத் திறந்தால் துணியில் வட்டமாக ஈரம். இன்றும் இருந்தது. அதைப் பிழிந்து காயப்போட்டு, மாற்றுத் துணி விரித்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வந்தேன்.